அவரவர் தகடு

நம் வயதுக்காரர்களுக்கு மொன்றியலில் சைரன் ஒரு சத்தமே இல்லை. கதைத்துக்கொண்டிருக்கும் கதையை நிறுத்தாமல் குரலை மட்டும் கொஞ்சம் உயர்த்துகிறோம். அது தெருவைக் கடந்து போனதும் தாழ்த்திக்கொள்கிறோம். நான் மட்டும் நிறுத்திவிடுவேன். அது எந்தப் பக்கம் போகிறது, எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பேன். போன ஞாயிறு பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடிக்கும்போதும் அப்படித்தான் ஆனது. "உனக்கென்னடி, உன்ர வீடே எரியுது?" என்று உங்களில் ஒருத்தி கேட்டாள். எல்லாரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். எனக்கு நாலு பேருக்கு முன்னால் ஒன்றைச் சொல்ல வராது. அதனால் எழுதுகிறேன்.

உங்களுக்குச் சின்ன வயது என்றால் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி மாடிவீடுகள், கீழ்வீட்டுக் கிரேக்கக் கிழவர், படிக்கட்டில் பனி வழித்தது, இவைதான் ஞாபகம் வரும். எங்கள் வீடும் முதலில் அங்கேதான் இருந்தது. பிறகு அப்பாவுக்கு நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், கதவுகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல். அம்மா போக மாட்டேன் என்றுதான் நின்றா. கடைசியில் போனோம். அந்த ஊரில் தமிழ் வீடு எங்களுடையது மட்டும். நான் சொல்லப்போவது அங்கே கழிந்த ஒரு தவக்காலம்.

அந்த ஊர்த் தீயணைப்பு நிலையம் எந்நேரமும் பூட்டிக் கிடக்கும். நகரத்தில் போலச் சாப்பிட்டுத் தூங்கிக் காத்திருக்கும் ஆட்கள் அங்கே இல்லை. கராஜ் வைத்திருந்தவர்தான் தலைவர். பால் மாடு வளர்ப்பவர்கள், கூரை வேய்பவர், எங்கள் பள்ளிப் பேருந்தை ஓட்டியவர் எல்லாரும் தீயணைப்புப் படையில் இருந்தார்கள். ஆளுக்கொரு பேஜர் இடுப்பில் இருக்கும். அது அலறினால் கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓட வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், பகலில் ஊரில் ஆள் போதாதது. முக்கால்வாசிப் பேர் வெளியூர்களுக்கு வேலைக்குப் போய்விடுவார்கள். அப்பாவுக்குப் பின்னேர வேலை. பகல் முழுக்க வீட்டில் இருப்பார்.

எங்கள் கார் மாதம் ஒருமுறை தலைவரின் கராஜில்தான் கிடக்கும். ஒருநாள் காருக்கு அடியில் படுத்தபடியே அவர் கேட்டாராம். அவர் கதைத்தது பிரெஞ்சுதான், எனக்கு இப்போது நம் பேச்சிலேயே ஞாபகம் வருகிறது: "உன்ர கார் ஓடாது. நீ ஓடுவாய்தானே? எங்களோட வா."

அப்பா வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா.

"மன்னாரில வலை போட்டுத் தண்ணிக்குள்ள நிண்ட மனுசனுக்கு நெருப்பில என்ன வேலை?"

"தண்ணி இறைக்கிறதுதானப்பா வேலை."

"பகிடி விடாதேங்கோ. இவங்களுக்கு வேற ஆள் கிடைக்கேல்லையே?"

அப்பா சப்பாத்தைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு, "இந்த நாட்டுக்கு வந்து இவ்வளவு நாளில ஒருத்தன் என்னைப் பாத்து வா எண்டது இதுதான்" என்றார்.

அம்மா மறுபடி மீனை வெட்டத் தொடங்கினா. ஆனால் அன்றிலிருந்து அவவின் காது பேஜரிடம் போய்விட்டது. அப்பா வீட்டில் இருக்கும்போது அது குளிர்சாதனப் பெட்டியின் மேல் இருக்கும். தொலைக்காட்சியில் ஏதாவது கீச்சிட்டாலும் அம்மா அகப்பையோடு திரும்பிப் பார்ப்பா. அது உண்மையாகவே அலறும்போது அப்பா முதலில் கல்யாண மோதிரத்தைக் கழற்றுவார். கையுறைக்குள் உலோகம் சூடேறினால் விரலைச் சுட்டுவிடுமாம். நீலக் கரை போட்ட ஒரு சின்னப் பீரிஸ், கோப்பைக்கு அடியில் வைக்கும் பீங்கான் தட்டு, இருந்தது. மோதிரத்தை அதற்குள் போட்டுவிட்டு ஓடுவார். பீங்கானில் மோதிரம் விழும் அந்தச் சத்தத்தை அம்மாவால் தாங்க முடியாது. சிலுவை போட்டுக்கொள்வா. கதவு அடித்த பிறகு வீடு முழுக்க அமைதி. அடுப்பில் இருப்பதை இறக்கிவைத்துவிட்டு யன்னலில் நிற்பா. அப்பா வந்து மோதிரத்தைப் போட்ட பிறகுதான் அடுப்பு மறுபடி எரியும். சோறு பாதி வெந்தபடி கிடந்த நாட்கள் உண்டு.

காரை நம்பாமல் அப்பா நிலையத்துக்கு ஓடியே போவார். ஆளும் சின்ன ஆள். பனிச் சப்பாத்தோடு பிரதான தெருவில் அவர் ஓடுவதைப் பார்த்துத்தான் எங்கேயோ நெருப்பு என்று ஊருக்குத் தெரியும். பேருந்து ஓட்டுநர் என்னைப் பார்த்தால், "நேற்று உன்ர அப்பா என்ர காரை முந்திப் போட்டார்" என்பார். எனக்குப் பதில் சொல்ல வெட்கம். தலையைக் குனிந்துகொண்டு ஏறி, அவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் உட்கார்ந்துகொள்வேன். அந்த ஊரில் பள்ளிக்கு வெளியே என் பெயரைச் சரியாகச் சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

பயிற்சி முடிந்த ஒருநாள் அப்பா மேசையில் கரண்டிகளை அடுக்கி எங்களுக்கு ஒன்றைக் காட்டினார். ஒவ்வொரு ஆளுக்கும் பெயர் வெட்டிய ஒரு தகடு உண்டு. சட்டையின் நெஞ்சில் ஒரு கொளுக்கியில் தொங்கும். எரிகிற கட்டிடத்துக்குள் போகும்போது அதைக் கழற்றி வண்டியின் பக்கத்தில் இருக்கும் பலகையில் கொழுவ வேண்டும். வெளியே வந்ததும் திரும்ப எடுக்க வேண்டும்.

"அவரவர் தகட்டை அவரவர்தான் எடுக்கோணும். தலைவரும் தொடக்கூடாது" என்றார், ஒரு கரண்டியைத் தூக்கிக் காட்டி.

"எடுக்க வராட்டி?" என்று அம்மா கேட்டா.

"வராட்டி ஆள் உள்ளுக்கு நிக்குது எண்டு அர்த்தம். போய்த் தேடுவினம்."

அம்மா கரண்டிகளை அள்ளிக்கொண்டு போய்க் கழுவும் தொட்டியில் போட்டா.

அவவின் பயம் வெறும் நெருப்புப் பயம் மட்டும் அல்ல என்று இப்போது நினைக்கிறேன். அவவுக்குப் பிரெஞ்சு தெரியாது. அப்பா எங்கே போயிருக்கிறார், என்ன எரிகிறது, முடிந்துவிட்டதா என்று யாரிடமும் கேட்க வழியில்லை. ஊரில் இருந்த ஒரே கடை பேருந்து ஓட்டுநரின் மனைவி நடத்திய டெபனர். நாங்கள் அவவைக் கடைக்கார மடாம் என்போம். அம்மா அந்தக் கடைப் படியை மிதித்ததில்லை. பால் தீர்ந்தால் அப்பா போவார். மற்றதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மொன்றியலில், தமிழ்ப் பூசைக்குப் போன கையோடு ஜான்-டலோன் சந்தையில் வாங்கி வருவோம். நெருப்புக்கு ஓட அப்பாவின் முறை வரும் வாரம் என்றால் அதுவும் இல்லை. ஊரைவிட்டுப் போகக்கூடாது. அந்த ஞாயிறுகளில் அம்மா யாரோடும் கதைக்க மாட்டா.

இறுகிக் கிடந்த பனி இளகத் தொடங்கி, மேப்பிள் மரங்களில் சாறு இறங்கும் காலம் வந்தது. பள்ளிக்கு ஒரு வார விடுமுறை. ஊரின் ஓரத்தில் அந்தச் சாற்றில் சீனிப்பாகு போலப் பாணி காய்ச்சும் கொட்டில் ஒன்று இருந்தது. ஒரு பக்கம் விறகு எரித்துப் பெரிய தட்டைத் தாச்சிகளில் சாற்றைக் காய்ச்சுவார்கள். மறுபக்கம் மரத்தால் கட்டிய நீளமான சாப்பாட்டு மண்டபம். மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னர் பேஜர் அலறியது. மோதிரம் பீரிஸில் விழுந்தது. அப்பா ஓடினார்.

வழக்கத்தில் சமையலறை யன்னலால் ஒன்றும் தெரியாது. அன்றைக்குத் தெரிந்தது. வயலுக்கு அப்பால் கறுப்பாகப் புகை எழும்பி, வளைந்து எங்கள் பக்கம் வந்தது. சீனிப்பாகு அடிப்பிடித்த மணம் வீட்டுக்குள் வந்தது. அம்மா செபமாலையை எடுத்தா, வைத்தா, மறுபடி எடுத்தா. புகை குறையவில்லை.

"வா பிள்ளை, போய்ப் பாப்பம்."

"அப்பா ஏசுவார் அம்மா."

"ஏசட்டும். ஏசுறதுக்கு ஆள் இருக்கட்டும்."

வீட்டுக்குள் போடும் துணிச் சப்பாத்தோடு அவ இறங்கிவிட்டா. நான் பனிச் சப்பாத்தை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன். வயல் வழி முழுக்கச் சேறு, மேலே உடைந்த பனி. அம்மா இரண்டு தரம் விழுந்தா. கொட்டில் தெரியும் இடத்துக்கு வந்தபோது அங்கே தீயணைப்பு வண்டிகள் நின்றிருந்தன. துணித் தொட்டி ஒன்றை விரித்து ஆற்றுத் தண்ணீரை அதில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். குழாய்கள் சேற்றில் பாம்பு போலக் கிடந்து துள்ளின. காய்ச்சும் பக்கம் கூரை ஏற்கெனவே போய்விட்டது. மண்டபத்துக்கு நெருப்புத் தாவாமல் இருக்க உள்ளே ஆட்கள் போயிருந்தார்கள் என்று பிறகு அறிந்தேன். அதில் ஒருவர் அப்பா.

மண்டபத்தின் பின்கதவால் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். முன்னால் வந்தவர் கூரை வேய்பவர். அவர் பலகையில் தன் தகட்டை எடுத்துக்கொண்டு, வண்டிக்கு மறுபக்கம் போய்க் குனிந்து இருமத் தொடங்கினார். பின்னால் வந்தது அப்பா. முகமூடியைக் கழற்றியதும் அவர் முதலில் கண்டது அம்மாவை. சேற்றில் முழங்கால் வரை நனைந்து, ஒரு காலில் சப்பாத்தே இல்லாமல் நின்ற அம்மாவை.

அவர் பலகைப் பக்கம் போகவில்லை. வண்டிகளுக்குப் பின்னாலே சுற்றி நேரே எங்களிடம் வந்தார்.

"உமக்கென்ன விசரே? பிள்ளையையும் கூட்டிக்கொண்டு!"

அம்மா அவரின் கையைப் பிடித்துக்கொண்டா. விடவில்லை. அப்பா அவவைத் தூக்காத குறையாக வீதி வரை கொண்டுவந்து, அங்கே நின்ற ஒரு காரின் கதவைத் திறந்து உள்ளே இருத்தினார். தன் கையுறைகளைக் கழற்றி அவவின் காலில் மாட்டினார். அது எவ்வளவு நேரம் எடுத்திருக்கும்? ஒரு கோப்பை தேத்தண்ணி ஊற்றும் நேரம்.

அப்போது வண்டியின் ஹாரன் அடித்தது. விட்டு விட்டு அல்ல, ஒரே நீளமாக. உள்ளே இருப்பவர்கள் எல்லாம் வெளியே வரவேண்டும் என்ற சத்தம் அது. அப்பா நிமிர்ந்தார். அவரின் கை நெஞ்சுக்குப் போனது. கொளுக்கியைத் தடவியது. அதில் ஒன்றும் இல்லை. அவரின் முகம் அப்படி மாறி நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை.

நடந்தது இதுதான். தலைவர் பலகையில் ஒரு தகடு தனியாகத் தொங்குவதைக் கண்டிருக்கிறார். இருமிக்கொண்டிருந்தவரிடம் கேட்டிருக்கிறார். "எனக்குப் பின்னால வந்தவர்" என்று அவர் திரும்பிப் பார்த்தால் பின்னால் யாரும் இல்லை. உடனே இரண்டு பேர் அப்பாவைத் தேடி உள்ளே போய்விட்டார்கள். முன்னுக்குப் போனவர் எங்கள் பேருந்து ஓட்டுநர். அவர்கள் உள்ளே இருக்கும்போதே கூரை சரியத் தொடங்கியது.

அப்பா சேற்றில் ஓடினார். ஓடியபடி, "நான் இங்க நிக்கிறன்! நான் இங்க நிக்கிறன்!" என்று கத்தினார். தமிழில். அவருக்கு அந்த நேரம் வேறு பாஷை வரவில்லை. யாருக்கும் விளங்கவில்லை. ஆனால் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மண்டபத்தின் நடுக்கூரை இறங்கிய சத்தம் பெரிதாக இல்லை. ஒரு பெரிய மூச்சு விட்டது போல இருந்தது. கதவால் பொறிகள் பறந்தன. பிறகு ஒருவர் மற்றவரை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். இழுபட்டு வந்தவர் பேருந்து ஓட்டுநர். வலது தோளில் மரம் விழுந்திருந்தது. கை வேறு யாருடையதோ போலத் தொங்கியது. அப்பா அவர் பக்கத்தில் சேற்றில் முழங்காலில் விழுந்தார். ஓட்டுநர் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"ஆ, நீ இங்கேயா? நல்லது" என்றார். கண்ணை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு வந்த நாட்களில் எங்கள் வீட்டில் யாரும் சத்தமாகக் கதைக்கவில்லை. அப்பா வேலைக்குப் போய் வந்தார். பேஜரை அணைத்து, தகட்டையும் அதோடு சேர்த்து மேசையில் வைத்திருந்தார். கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்பார், எழும்ப மாட்டார். பள்ளி தொடங்கியபோது பேருந்தை ஒரு பெண் ஓட்டிவந்தா. நான் பின்னால் போய் உட்கார்ந்தேன். எல்லாரும் என்னையே பார்ப்பது போல இருந்தது. பார்த்தார்களோ தெரியாது.

டெபனர் பூட்டியிருந்தது. அப்பா பால் வாங்கப் போய் வெறுங்கையோடு வந்தார். அடுத்த நாளும் பூட்டு.

"எங்களுக்காகத்தான் பூட்டினவ. நான்தான் அந்த மனுசன்ர தோளை உடைச்சனான். இனி ஆர்ர முகத்தில முழிக்கிறது? மொன்றியலுக்கே போவம்" என்று அம்மா அழுதா.

ஒரு கடைக்காரி ஊருக்கிருக்கும் ஒரே கடையைப் பூட்டி எங்கள்மேல் கோபம் காட்டுவா என்று பெரியவர்கள் இரண்டு பேர் எப்படி நம்பினார்கள் என்று இப்போது யோசிக்கிறேன். அப்போது நானும் நம்பினேன். உண்மை என்னவென்றால் ஓட்டுநரின் தோளுக்குச் சத்திரசிகிச்சை செய்ய மொன்றியலுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். மனைவி அவர் கட்டிலருகில் இருந்திருக்கிறா. எங்களுக்கு அதைச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. கேட்க எங்களுக்கும் தோன்றவில்லை.

பெரிய வெள்ளிக்கு முந்திய வாரம், ஒரு சனிக்கிழமை காலை, கதவைத் தட்டினார்கள். தலைவரும் கடைக்கார மடாமும். அம்மா ஒரு நிமிடம் அறைக்குள் போய்விட்டா. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து தேநீர் போட்டா. அப்பா பேஜரையும் தகட்டையும் தலைவர் பக்கம் தள்ளினார். தலைவர் தொடவில்லை.

"பிழை விட்டவனெல்லாம் பேஜரைத் தந்தால் நான் ஒரு வாளியோட தனியத்தான் நெருப்பணைக்கோணும். நானும் பிழை விட்டனான். ஆளை உள்ள அனுப்ப முதல் வண்டியை ஒருக்காச் சுத்திப் பாத்திருக்கோணும். பாக்கேல்லை."

நான் மொழிபெயர்த்தேன். அம்மா மடாமைப் பார்க்காமலே, "மன்னிச்சுக்கொள்ளச் சொல்லு பிள்ளை" என்றா.

"எதுக்கு? என்ர மனுசன் தேடிப்போன ஆள் வெளியில உயிரோட நிண்டவர். அவருக்கு அது போதுமாம். இப்ப வீட்டில கிடந்து அதைக் கொண்டா, இதைக் கொண்டா எண்டு என்னைப் படுத்திற பாட்டுக்குத்தான் ஆரும் மன்னிப்புக் கேக்கோணும்."

தலைவர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, ஆனால் முதல் முறையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். மடாம் கைப்பையைத் திறந்து ஒரு தகடும் ஒரு சின்னக் கொளுக்கியும் எடுத்து மேசையில் வைத்தா. அப்பாவின் தகட்டைப் போலவே ஒன்று.

"இது வீட்டுக்கு. எங்கட எல்லாருக்கும் வீட்டில ஒண்டு இருக்கு. என்ரது சிகரெட் தட்டுக்குப் பக்கத்தில தொங்குது. போகேக்க அவர் கொழுவோணும், வந்து அவரே எடுக்கோணும். தகடு இருக்கிற வீட்டுக்கு நான் ஃபோன் பண்ணுவன். என்ர கடையில அவங்கட வானொலிப் பெட்டி இருக்கு, எல்லாம் கேக்கும். உங்களுக்கு ஏன் தரேல்லை எண்டா..." அவ கொஞ்சம் தயங்கினா. "நீங்கள் ஒருநாளும் கடைக்குள்ள வரேல்லை. எங்களோட சேர விருப்பமில்லையாக்கும் எண்டு நினைச்சன்."

நான் இதைச் சொல்லி முடித்ததும் அம்மா வாயில் கையை வைத்தா.

"எனக்குக் கதைக்கத் தெரியாதெண்டு சொல்லு. அதுதான் வாறேல்லை. வேற ஒண்டும் இல்லை."

"கதைக்க என்ன இருக்கு?" என்றா மடாம். "அவர் வெளியில வந்திட்டார் எண்டா ஒரே ஒருக்கா மணி அடிச்சிட்டு வைக்கிறன். நீங்கள் எடுக்கவும் வேண்டாம்."

அப்பா அன்றைக்கே அடுப்படிச் சுவரில் கொளுக்கியை அடித்து, தகட்டைப் பீரிஸில் போட்டுவைத்தார். பேஜரை எடுத்து இடுப்பில் மாட்டினாரா என்றால், இல்லை. அதை மறுபடி இயங்கவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தார். அம்மா அதைப் பார்த்தா. எடுக்கச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை.

பெரிய வெள்ளியன்று மொன்றியலுக்குப் புறப்பட்டோம். தமிழில் சிலுவைப்பாதை என்று அம்மா இரண்டு நாளாக வெள்ளைச் சேலையை மடித்து வைத்திருந்தா. தலைவரிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று அப்பா தொலைபேசியை எடுக்கும்போதே பேஜர் அலறியது. மூன்று பேரும் அப்படியே நின்றோம். அப்பா அம்மாவைப் பார்த்தார். அவர் அசையவில்லை. அம்மா போக வேண்டாம் என்றால் அன்றோடு விட்டிருப்பார். எனக்கும் அது தெரிந்தது. அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது.

அம்மா பீரிஸை எடுத்துக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் நீட்டினா. அப்பா மோதிரத்தைக் கழற்றி அதற்குள் போட்டு, அதிலிருந்த தகட்டை எடுத்துக் கொளுக்கியில் கொழுவினார்.

"நீங்கள்தான் வந்து எடுக்கோணும், இஞ்சேருங்கோ" என்றா அம்மா. "நான் தொடமாட்டன்."

"ஓம். வாறன்."

அவர் ஓடுவதை யன்னலால் பார்த்தோம். அம்மா கோவிலுக்கு உடுத்த சேலையோடு சமையலறையிலேயே சிலுவைப்பாதையின் பதினாலு தலங்களையும் தொடங்கினா. அடுப்புக்கு முன்னால் ஒரு தலம், கதவுக்கு முன்னால் ஒரு தலம், யன்னலுக்கு முன்னால் ஒரு தலம் என்று நடந்தோம். நான் அவவுக்குப் பின்னால் முழங்காலிட்டு எழும்பினேன். அவவின் வாய் செபம் சொன்னது. கண் தகட்டில் இருந்தது. செபம் பாதியில் குழம்பும், திரும்பத் தொடங்குவா. ஒரே தலத்தை இரண்டு தரம் சொன்னா. நான் திருத்தவில்லை.

யேசுவைச் சிலுவையிலிருந்து இறக்கும் தலத்துக்கு வந்தபோது தொலைபேசி அடித்தது. ஒரே ஒருக்கா. நின்றுவிட்டது.

அம்மா முழங்காலில் இருந்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டா. சேலை முழுக்கக் கசங்கியது. "பிள்ளை, அடுப்பைப் போடு" என்றா.

பிறகு அம்மா அந்தக் கடைக்குப் போனா. கதைத்தாவா என்றால், பெரிதாக இல்லை. மெர்சி, போன்ஜூர். சில நாள் உறைப்புக் குறைத்துப் பொரித்த வடையை ஒரு தட்டில் மூடிக் கொண்டுபோவா. ஓட்டுநரின் தோள் முழுக்கச் சரியாகவில்லை. பேருந்தை மறுபடி ஓட்டினார். கையை உயர்த்தி விடைகொடுக்க மட்டும் மாட்டார், தலையை ஆட்டுவார். அப்பா அந்த ஊரில் இருந்த கடைசி நாள் வரை அவரிடம் எதையும் விளக்கிச் சொல்லவில்லை. அவர் வீட்டுப் பனியை மட்டும் ஒவ்வொரு மாரியும் வழித்தார்.

நான் பெரிய பள்ளிக்குப் போகும் வயதில் மொன்றியலுக்குத் திரும்பி வந்தோம். வீடு மாறியதில் பீரிஸ் உடைந்துபோனது. தகடும் கொளுக்கியும் வந்து புதுச் சமையலறைச் சுவரில் ஏறின. அப்பா ஜான்-டலோன் சந்தைக்கு மரக்கறி ஏற்றும் வானை ஓட்டினார். நெருப்பு இல்லை, பேஜர் இல்லை. ஆனாலும் காலையில் போகும்போது தகட்டைக் கொழுவுவார், பின்னேரம் வந்து எடுப்பார். பனிப்புயல் நாட்களில் சந்தைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒருக்கா மணி அடிப்பார். அம்மா எடுக்க மாட்டா. நானும் இப்போது அப்படித்தான். பிள்ளைகள் காப்பகத்தில் எனக்குச் சமையல் வேலை என்று உங்களுக்குத் தெரியும். போய்ச் சேர்ந்ததும் அம்மாவுக்கு ஒருக்கா அடித்துவிட்டு வைப்பேன்.

அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த காலையில் ஆம்புலன்ஸ்காரர்கள் அவரைத் தள்ளிக்கொண்டு சமையலறையைக் கடந்தபோது, அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். படுத்தபடியே எட்டித் தகட்டைக் கொழுவினார். அவரைத் தள்ளிவந்த இளைஞனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவுக்கு விளங்கியது. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். எல்லாரும் வந்திருந்தீர்கள்.

போன கோடையில் வீட்டுக்காரர் சமையலறைக்குப் பெயின்ட் அடிக்க ஆள் அனுப்பினார். வந்தவர் தகட்டைக் கழற்றக் கை நீட்டியபோது அம்மா குறுக்கே போய் நின்றா. வயதான ஆள் அவர். சின்னத் தூரிகையை எடுத்து அதைச் சுற்றி அடித்துவிட்டுப் போனார். சுவர் இப்போது வெள்ளை. தகட்டுக்குப் பின்னால் மட்டும் பழைய மஞ்சள் இருக்கிறது.